வரிசையில் நின்ற நட்சத்திரம்



இன்று ஒரு சினிமா நடிகரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் உங்களில் சிலர் சிரித்தீர்கள். சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் மில்லில் நூலோடும் வயலில் சேற்றோடும் மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்கு மிஞ்சுகிற பொழுதுபோக்கு சினிமாதானே? அதை யார் எடுக்கிறார்கள், அதில் வேலை செய்கிறவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதெல்லாம் நம்முடைய விவகாரமும்தான்.

பிரான்சில் 1950-களில் தேசிய மக்கள் நாடக அரங்கு என்ற ஸ்தாபனம் ஒட்டிய நோட்டீஸ்களைப் பற்றி முதலில் சொல்லுகிறோம். அந்த நோட்டீஸ்களில் நடிகர்களின் பெயர்கள் எழுத்து வரிசைப்படிதான் இருக்கும். 'ஏ' என்ற எழுத்தில் பெயர் தொடங்குகிறவர் முதலில். அவர் மேடையில் ஈட்டி பிடித்து நிற்கும் காவலாளாகக்கூட இருக்கலாம். கதாநாயகனாக நடிப்பவர் வரிசையில் தமக்குரிய இடத்தில் எங்கோ கீழே இருப்பார். அந்தக் கதாநாயகன் யார்? அன்றைக்குப் பிரான்சு தேசத்திலேயே மிகவும் பிரசித்தி பெற்ற சினிமா நடிகர். அவர் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டாலே கொட்டகை நிரம்பும். போட வேண்டாம் என்பதை அவரும் ஏற்றுக்கொண்டார். மற்ற நடிகர்களுக்கு என்ன சம்பள விகிதமோ அதே விகிதத்தில்தான் அங்கே அவரும் சம்பளம் வாங்கினார்.

அவர்தான் ஜெரார் பிலிப். 1922 டிசம்பர் 4-ந் தேதி தென் பிரான்சில் கான் என்ற கடற்கரை நகரத்தில் பிறந்தார். 1959 நவம்பர் 25-ந் தேதி பாரிஸில் இறந்தார். முப்பத்தேழு வயது நிரம்ப ஒன்பது நாள் பாக்கியிருந்தது.

ஏழை வீட்டுப் பிள்ளை அல்லர். தந்தை மார்செல் பிலிப் வக்கீல். ஓட்டல் தொழிலும் நடத்தியவர். மகனும் வக்கீலாக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. மகனோ 1942-இல் நீஸ் நகரத்தில் மேடையேறிவிட்டார். குடும்பப் பெயரின் கடைசியில் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதிக்கொண்டார். பெயரில் மொத்தம் 13 எழுத்து வரவேண்டும், அது ராசி என்று வீட்டில் ஒரு நம்பிக்கை! நல்ல காரியங்கள் செய்தவர்களிடமும் இப்படிச் சில சில்லறை மூடநம்பிக்கைகள் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். இதை மறைக்க வேண்டியதில்லை.

மறைக்கக் கூடாத பெரிய விஷயம் வேறொன்று உண்டு. அது ஹிட்லரின் படைகள் பிரான்சை மிதித்துக்கொண்டிருந்த காலம். தந்தை மார்செல் பிலிப் பாஸிஸ்டுக் கட்சியில் சேர்ந்து எதிரியோடு ஒத்துழைத்தவர். யுத்தம் முடிந்ததும் பிரெஞ்சு நீதிமன்றம் அவர் இல்லாமலே விசாரித்து அவருக்கு மரண தண்டனை விதித்தது. அவர் ஸ்பெயின் தேசத்துக்கு ஓடிவிட்டார். அங்கே பிராங்கோவின் ராஜ்யம். அந்த மாதிரி ஆட்களுக்கு அடைக்கலம் இருந்தது.

அதே சமயத்தில் மகன் எங்கே இருந்தார்? 1944 ஆகஸ்டு மாதம் பாரிஸ் ஜனங்கள் ஆயுதம் தாங்கி எழுந்தார்கள். நகர மண்டபத்தைக் கைப்பற்றி ஜெர்மானியர்களுக்கு விட்டுக்கொடுக்காமல் காத்து நின்றவர்களோடு 21 வயது ஜெரார் பிலிப்பும் இருந்தார். தந்தை ஒரு பக்கம், மகன் மறு பக்கம். பிறகு ஸ்பெயினுக்குப் போய்த் தந்தையைப் பார்த்தும் வந்தார். அவர் நடந்த பாதையில் மட்டும் போகவில்லை. ஒரு வீட்டுக்குள்ளேயே தேசம் இரண்டாகப் பிளந்த காலம் அது. பிற்காலத்தில் அவர் செய்தவை எல்லாவற்றையும் இந்தப் பிளவை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

1945-இல் ஆல்பேர் காம்யு எழுதிய 'கலிகுலா' நாடகத்தில் பைத்தியம் பிடித்த ரோமாபுரிச் சக்கரவர்த்தியாக நடித்தார். பாரிஸ் நகரமே பேசியது. 1947-இல் 'உடலில் புகுந்த பிசாசு' என்ற படம் வந்தது. முதல் உலக யுத்தத்தின்போது கணவன் போர்முனையில் இருக்க, அவன் மனைவியைக் காதலிக்கும் ஒரு பள்ளி மாணவனின் கதை. யுத்த வீரனை இழிவு செய்துவிட்டார்கள் என்று கனவான்கள் கூச்சல் போட்டார்கள். படத்துக்குக் கூட்டம் குறையவில்லை. பிரஸ்ஸல்ஸ் திரைப்பட விழாவில் பிலிப்புக்குச் சிறந்த நடிகர் பரிசும் கிடைத்தது.

அந்தக் காலத்துப் பிரெஞ்சு சினிமாவின் நிலையை இங்கே ஒரு நிமிஷம் சொல்லிவிட வேண்டும். யுத்தத்தில் நொடித்துப்போன பிரான்சு அமெரிக்காவிடம் கடனுக்குக் கை நீட்டியது. 1946 மே மாதம் ஒப்பந்தம் ஆயிற்று. கடனோடு சினிமாவும் வந்தது. ஒவ்வொரு 13 வாரத்திலும் 4 வாரம் மட்டும் சொந்தப் படங்களுக்கு. மீதி 9 வாரமும் கொட்டகைகள் யாருக்கு வேண்டுமானாலும் திறந்திருக்கும் என்று ஏற்பாடு. ஹாலிவுட் படங்கள் வெள்ளமாய் வந்தன. ஸ்டூடியோக்களில் வேலையில்லை. 1948 ஜனவரியில் நடிகர்களும் விளக்குத் தொழிலாளிகளும் காமிராக்காரர்களும் சேர்ந்து பாரிஸ் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் 4 வாரம் 5 வாரமாயிற்று. சண்டை போட்டுக் கிடைத்தது ஒரே ஒரு வாரம்தான் என்றாலும், ஸ்டூடியோத் தொழிலாளிக்கு அது வேலை.

ஆகவே, 1950-களில் பிரெஞ்சு நடிகர் என்றால் பங்களாவும் காரும்தான் என்று நினைக்கக் கூடாது. பிலிப்பைப் போன்ற சிலருக்கு வசதி இருந்தது, உண்மை. பெரும்பாலான நடிகர்கள் தினக்கூலிகளே. படம் முடிந்த அன்று வேலையும் முடிந்தது.

இனி நாடகத்துக்கு வருகிறோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறோம். ஏனென்றால் அவருடைய வாழ்க்கையின் நடுப்பகுதி இதுதான்.

ழான் விலார் என்று ஒரு நாடகாசிரியர் இருந்தார். சின்னத் துணிக்கடைக்காரரின் மகன். தென் பிரான்சில் அவீஞோன் என்ற ஊரில், பழைய காலத்துப் போப்பரசர்களின் கோட்டை மாதிரியான மாளிகை முற்றத்தில், 1947 முதல் வருஷந்தோறும் திறந்த வெளியில் நாடகம் நடத்தினார். ஜோடனை கிடையாது, வெறும் மேடை, வெளிச்சம், உடுப்பு, குரல். அவர் பிலிப்பை 'ஸித்' நாடகத்தில் நடிக்க அழைத்தார். 1637-இல் கோர்னேய் எழுதியது. பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் உருப்போட்டு அலுத்த நாடகம். துன்பியல் நாடகம் தமக்கு வராது என்று பிலிப் மறுத்துவிட்டார்.

பிறகு 1950 நவம்பரில் என்ன நடந்தது? விலார் ஒரு நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்த கொட்டகைக்கு, அவருடைய வேஷம் போடும் அறைக்கே பிலிப் தாமாகப் போய்ச் சேர்ந்தார். உங்களோடு வேலை செய்ய விரும்புகிறேன் என்றார். இதற்குள் அவர் சினிமாவில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார் என்பதை மறந்துவிடாதீர்கள். பணத்துக்காக அவர் அங்கே போயிருக்க முடியாது.

1951 ஜூலையில் அவீஞோன் முற்றத்தில் 'ஸித்' நடந்தது. தந்தையின் மானத்துக்காகக் காதலியின் தந்தையையே கொல்ல நேர்ந்த வாலிபன் ரொத்ரீகு. அதுவரை அந்த வேஷத்தைக் கட்டையான குரலில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஓதுகிற மாதிரிச் சொல்லி வந்தார்கள். பிலிப் அதை ஒரு இருபது வயதுப் பையன் திணறித் தவித்துப் பேசுகிற பேச்சாக ஆக்கினார். முந்நூறு வருஷத்துப் பழைய செய்யுள் திடீரென்று பேச்சு மொழியாகக் காதில் விழுந்தது.

அதே வருஷம் சர்க்கார் விலாரைத் தேசிய மக்கள் நாடக அரங்கின் தலைமைக்கு நியமித்தது. அந்த அரங்கு இருந்த இடம் பாரிஸில் ஷாயோ மாளிகை. அங்கே ஒரு வேடிக்கை. மக்கள் அரங்கு தன் வேலையைத் தொடங்கப் போகிற சமயத்தில் அந்த மாளிகையில் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை கூடிக்கொண்டிருந்தது! மக்கள் அரங்குக்கு வீடு இல்லை. நல்லதாய்ப் போயிற்று. ஜனங்கள் நம்மிடம் வராவிட்டால் நாம் அவர்களிடம் போவோம் என்று புறப்பட்டார்கள்.

முதலில் போன இடம் சுரேன். பாரிஸின் மேற்குப் புறத்தில், ஸேன் நதிக்கரையில் கார், விமானத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். 1951 நவம்பர் 17, 18 தேதிகள், சனி, ஞாயிறு. ஒரே டிக்கட்டில் இரண்டு நாடகம், சங்கீதம், சாப்பாடு, நடிகர்களோடு பேச்சு, கடைசியில் எல்லோரும் கலந்துகொள்ளும் நடனம். பாரிஸ் நகரத்துப் பட்டு மெத்தைக் கொட்டகைகளின் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். இன்றைக்கும் சுரேனில் அந்த அரங்குக்கு ழான் விலார் பெயர்தான்.

இரண்டு நாடகங்களில் ஒன்று 'ஸித்'. மற்றது ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் எழுதிய 'வீரத்தாய்'. முன்னதில் பிலிப் கதாநாயகன். பின்னதில்? யுத்தத்தின் பின்னாலேயே வண்டி தள்ளிச் சாமான் விற்றுப் பிழைக்கும் ஒரு தாய்க்கு மூன்று பிள்ளைகள். அவர்களில் மூத்தவன் எய்லிஃப். சின்ன வேஷம். பிரான்சின் முதல்தர நட்சத்திரம் அந்தச் சின்ன வேஷத்தைப் போட்டார்.

அந்த எய்லிஃப் கதையை, நிலத்தில் பாடுபடும் தோழர்களுக்காகச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அவன் சிப்பாயாகிறான். யுத்தம் நடக்கும்போது குடியானவர்களை வெட்டிப் போட்டு அவர்களுடைய மாடுகளை ஓட்டிவருகிறான். சேனாபதி அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து மது கொடுத்துப் பாராட்டுகிறார். பிறகு நடுவில் கொஞ்ச நாள் சமாதானம். பழக்க தோஷத்தில் அவன் அதே காரியத்தை மறுபடியும் செய்கிறான். இப்போது அது கொலை, கொள்ளை! கொண்டுபோய்க் கொன்றுவிடுகிறார்கள். ஒரே செயல், நேற்று பதக்கம், இன்று மரண தண்டனை. இதைப் பார்த்துக்கொண்டிருந்த சபையில் இரண்டு உலக யுத்தங்களைக் கண்டவர்கள் இருந்தார்கள். இந்தோசீனாவில் பிரெஞ்சு சர்க்கார் மூன்றாவது ஒன்றை அப்போது நடத்திக்கொண்டிருந்தது.

பின்பு ஷாயோவில் இடம் கிடைத்தபோது விலார் பல ஏற்பாடுகள் செய்தார். டிக்கட் விலையைக் குறைத்தார். ஆசனம் காட்டுகிறவர்களுக்கு இனாம் கொடுக்கும் வழக்கத்தை ஒழித்தார். மேல்கோட்டை வாங்கி வைக்க வாடகை இல்லை. வேலை விட்டதும் நேரே வரலாம், வந்து அங்கேயே ஏதாவது சாப்பிடலாம். ஆட்டமும் சீக்கிரமே ஆரம்பிக்கும். ஏன் தெரியுமா? கடைசி ரயிலைப் பிடித்து வீடு போய்ச் சேர்ந்து காலையில் சங்கு ஊதுமுன் எழுந்திருக்க வேண்டியவன் பார்க்கிற நாடகம் அது. இனாமும் கோட்டு வாடகையும் சின்ன விஷயங்கள் என்று தோன்றும். வாசலிலேயே ஏழையைக் கூசவைத்துத் திருப்பி அனுப்புவது இந்தச் சின்ன விஷயங்கள்தாம்.

பிலிப் அங்கே நடித்ததோடு நிற்கவில்லை. 1952-இல் அவீஞோனில் 'லொரென்ஸாச்சியோ' என்ற பெரிய நாடகத்தை டைரக்ட் செய்ய வேண்டியிருந்த விலார் நோயுற்றபோது அந்தப் பொறுப்பை ஏற்று நடத்தினார். கொடுங்கோலனைக் கொல்வதற்காக அவனுக்கே கூட்டாளியாக நடித்து, அந்த நடிப்பிலேயே கெட்டுப்போகிற லொரென்ஸாச்சியோ வேஷமும் அவர்தான். 1954-இல் விக்தோர் ஹியூகோவின் 'ரூயி பிளாஸ்'. ஒரு வேலைக்காரன் மந்திரியாகிறான். நாட்டைப் பங்குபோட்டுத் தின்னும் பிரபுக்களை நேருக்கு நேர் சாடுகிறான். இப்படி வருஷத்தில் பல மாதங்கள் மேடை, மீதி மாதங்கள் சினிமா.

சினிமாவில் அவருடைய பெயரை உலகெங்கும் கொண்டுபோனது 'ஃபான்ஃபான் லா துலீப்'. 1952-இல் வெளிவந்தது. டைரக்டர் கிறிஸ்தியான்-ழாக். பதினைந்தாம் லூயி ராஜாவின் காலம். வைக்கோல் போரில் ஒரு பெண்ணோடு பிடிபட்ட ஃபான்ஃபானைக் கட்டாயக் கல்யாணத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். வழியில் ஒருத்தி கைரேகை பார்த்து, நீ பட்டாளத்தில் சேர்ந்தால் ராஜாவின் மகளையே கட்டுவாய் என்கிறாள். அவள் யார்? பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறவனின் மகள்! ஏழைப் பையன்களுக்கு இப்படித்தான் ஆசை காட்டி உடுப்பு மாட்டினார்கள். அந்தப் பொய்யை ஃபான்ஃபான் மெய்யென்றே நம்பிவிடுகிறான். அதுதான் படம். அந்தப் பெண்ணாக ஜினா லொல்லோபிரிஜிடா நடித்தார்.

குதிரை ஓட்டம், கூரைமேல் கத்திச் சண்டை, சிரிப்பு என்று படம் பறக்கிறது. ஆனால் உள்ளே யுத்தத்தைப் பற்றி எத்தனை கிண்டல்! ராஜாவும் தளபதிகளும் விருந்துக்குத் தேதி குறிப்பதைப்போல் சண்டைக்குத் தேதி குறிக்கிறார்கள். கடைசியில் சண்டையை ஜெயிப்பது யார்? காதலியைக் கடத்திக்கொண்டு போனவனைத் துரத்தி வழிதவறி எதிரியின் தலைமை முகாமுக்குள்ளேயே போய் விழுகிற ஃபான்ஃபானும் இரண்டு கூட்டாளிகளும்தான். பிரான்சில் மாத்திரம் 60 லட்சம் டிக்கட்டுகளுக்கு மேல் விற்றது. கான் விழாவில் டைரக்டருக்குப் பரிசு. சோவியத் நாட்டிலும் சீனத்திலும் ஜனங்கள் விரும்பிப் பார்த்தார்கள். 1950-இல் அணுகுண்டைத் தடை செய்யக் கோரிய ஸ்டாக்ஹோம் வேண்டுகோளில் கையெழுத்திட்டவர் பிலிப். அந்தக் கையெழுத்து சொன்னதைத்தான் ஃபான்ஃபான் சிரித்துக்கொண்டே சொன்னான்.

'சிவப்பும் கறுப்பும்' படத்தில் (1954) மரம் அறுக்கும் பட்டறைக்காரனின் மகன் ழூலியன் சொரெல் வேஷம். படிப்பால் மேலே ஏறி, ஏறியதற்காகவே தண்டிக்கப்படுகிறவன். 'மோன்பர்னாஸ் 19' படத்தில் (1958) வறுமையில் மடிந்த ஓவியர் மொடிக்லியானி. அவர் எப்போது சாவார் என்று காத்திருந்து, செத்த உடனே அவர் வீட்டுக்கு ஓடிப் படங்களை மலிவாக வாங்கும் வியாபாரி அதில் வருகிறான். பார்த்தவர்களுக்கு அந்த வியாபாரியின் முகம் சுலபத்தில் மறக்காது.

அடுத்து அவர் டைரக்ட் செய்த படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு படம். 1956-இல் வந்தது. நமக்குப் பிரியமானவர் என்பதற்காக இதைப் பூசி மெழுகப் போவதில்லை.

கதை நல்ல கதை. 16-ஆம் நூற்றாண்டில் பிளாண்டர்ஸ் நாட்டை ஸ்பெயின் அரசன் பிலிப் ஆள்கிறான். அவனுடைய தளபதி ஆல்பா பிரபு ஊரை எரித்து, ஆட்களைத் தூக்கிலிட்டு வரி பிடுங்குகிறான். டில் என்ற கோமாளி வாலிபனின் தந்தை, கரி சுமந்து விற்கும் ஏழை, மதவிரோதி என்று உயிரோடு எரிக்கப்படுகிறார். அந்தச் சாம்பலை ஒரு பையில் போட்டு மார்பில் கட்டிக்கொண்டு டில் ஊர் ஊராய்ச் சுற்றிச் சிரிக்கவைக்கிறான், ஜனங்களைக் கிளப்பிவிடுகிறான். 1867-இல் ஷார்ல் தெ கோஸ்தர் எழுதிய நாவல். ஜெர்மானிய ஆக்கிரமிப்பைக் கண்ணால் கண்ட ஒரு பிரெஞ்சுக்காரருக்கு இந்தக் கதை ஏன் பிடித்தது என்று சொல்லத் தேவையில்லை. எதிரிக்குக் கைகொடுத்த தந்தையின் மகன், எதிரியால் எரிக்கப்பட்ட தந்தையின் சாம்பலைச் சுமக்கும் வேஷத்தைத் தேர்ந்துகொண்டார். இதை அவர் நினைத்துச் செய்தாரோ நினையாமல் செய்தாரோ, நமக்கு அது மனதில் தைக்கிறது.

துணைக்கு வந்தவர் யோரிஸ் ஐவன்ஸ். டச்சுக்காரர், செய்திப்பட உலகில் பெரிய பெயர். பெல்ஜியத்துச் சுரங்கத் தொழிலாளிகளின் துயரத்தை 1930-களில் படமெடுத்தவர். 1946-இல் 'இந்தோனேஷியா அழைக்கிறது' என்ற படம் எடுத்தார். டச்சு ஏகாதிபத்தியத்துக்கு ஆயுதம் ஏற்றிப் போக இருந்த கப்பல்களை ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளிகள் மறித்த கதை அது. அந்த மறியலில் இந்தியக் கப்பல் தொழிலாளிகளும் கலந்துகொண்டார்கள். அதையும் அந்தப் படத்தில் காணலாம். டில் படத்துக்குக் கிழக்கு ஜெர்மனியின் ஸ்டூடியோவும் கூட்டுச் சேர்ந்தது. ஆல்பா பிரபுவாக நடித்தவர் ழான் விலார்.

இத்தனை இருந்தும் படம் தேறவில்லை. விமர்சகர்கள் அடித்து நொறுக்கினார்கள். நேரமும் கெட்ட நேரம். 1956 நவம்பர் முதல் வாரம். ஒரு பக்கம் பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகள் சூயஸில் இறங்கின, இன்னொரு பக்கம் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டில் நுழைந்தன. பாரிஸில் கம்யூனிஸ்டுக் கட்சி ஆபீஸையே ஒரு கூட்டம் தாக்கித் தீ வைத்தது. கிழக்கு ஜெர்மனியோடு சேர்ந்து எடுத்த படத்தை நல்ல மனதோடு பார்க்க அன்றைக்கு யாருக்குப் பொறுமை? ஆனால் பழியை முழுக்க அந்த வாரத்தின் மேல் போட்டுவிட முடியாது. டில் சிரிக்கவைக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு வரவில்லை. அழவைக்க வேண்டிய இடத்தில் கண் கலங்கவில்லை. காமிராவுக்கு முன்னால் கோமாளியாகக் குட்டிக்கரணம் போடுகிறவரே காமிராவுக்குப் பின்னாலும் நிற்க வேண்டியிருந்தது. தம் ஆட்டம் எங்கே மிஞ்சிப் போகிறது என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை. ஃபான்ஃபான் யாரையும் எழுந்து போராடு என்று சொல்லவில்லை. பார்த்துவிட்டு வெளியே வந்தவன் தளபதிகளை நினைத்துச் சிரித்தான். டில் முழு மூச்சாகப் போராடச் சொன்னான், கேட்டவர்கள் குறைவு. நல்ல எண்ணம் இருந்தால் நல்ல படம் தானாக வந்துவிடும் என்று நம்மில் சிலர் இன்னமும் நினைக்கிறார்கள். நூல் நல்ல நூலாக இருந்தாலும் நெசவு தெரிய வேண்டும் என்பது இங்கே இருப்பவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லையே!

அதற்குப் பிறகு அவர் படம் டைரக்ட் செய்யவில்லை. அடி பலமாகவே பட்டிருந்தது. வேறொருவராக இருந்தால் சினிமாவில் சம்பாதித்துக்கொண்டு சும்மா இருந்திருப்பார். பிலிப் போன இடம் யூனியன்.

பிரெஞ்சு நடிகர்களின் சங்கம் அப்போது பிளந்து கிடந்தது. வேலையில்லாத் திண்டாட்டம், டெலிவிஷன் என்று புதிதாக ஒன்று வந்து பழைய கூலிக் கணக்குகளை எல்லாம் குழப்பிக்கொண்டிருந்தது. 1957-இல் ஒரு பகுதியினர் தனியாகத் தேசிய நடிகர் கமிட்டி அமைத்தார்கள். பிலிப் அதன் தலைவர். அந்த அக்டோபரில் ஒரு பாரிஸ் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். தலைப்பு: 'நடிகர்கள் நாய்கள் அல்ல'. இவ்வளவு சாந்தமான முகமுடையவர் இப்படித் தலைப்பு வைத்தது பலருக்கு அதிர்ச்சி. ஆனால் பிளந்து நின்றால் முதலாளிக்குத்தான் லாபம் என்பதை அவர்கள் சீக்கிரமே உணர்ந்தார்கள். 1958-இல் இரண்டு பக்கமும் ஒன்றாகிப் பிரெஞ்சு நடிகர் சங்கம் உருவாயிற்று. முதல் தலைவர் ஜெரார் பிலிப். பிரான்சின் பெரிய தொழிற்சங்க மத்திய ஸ்தாபனமாகிய சி.ஜி.டி.யைச் சேர்ந்த அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சங்கத்தால் பிலிப்புக்கு லாபம் ஒன்றுமில்லை. அவருடைய ஒப்பந்தத்தை அவரே பேசி முடித்துக்கொள்ள முடியும். எந்தப் பட முதலாளியும் கேட்டதைக் கொடுப்பார். பேசி முடித்துக்கொள்ள முடியாதவர்களுக்காக அவர் போய்க் கூட்டத்தில் உட்கார்ந்தார், மனு எழுதினார், அதிகாரிகளின் வாசலில் காத்திருந்தார். அவரைத் தியாகி என்று சொல்லிக் கும்பிடச் சொல்லவில்லை நாம். வசதியாக வாழ்ந்தவர்தான். கட்சி அங்கத்தினராகவும் அவர் இருந்ததில்லை, நண்பராக இருந்தவர். ஆனால் நோட்டீஸில் தம் பெயரை எழுத்து வரிசையில் போட ஒப்பியவர், அதற்கு வெளியேயும் அந்த வரிசையிலேயே நின்றார்.

1957-இல் சீனம் போய் வந்தார். 1959-இல் மெக்ஸிகோவில் புன்யுவேல் என்ற ஸ்பானிய டைரக்டரின் படத்தில் நடித்தார். சர்வாதிகாரியின் கீழ் உத்தியோகம் பார்த்துக்கொண்டே கைதிகளுக்கு நல்லது செய்துவிடலாம் என்று நம்பி, அந்த நம்பிக்கையிலேயே சிக்கிக்கொள்ளும் ஒரு அதிகாரியின் கதை. அந்தப் படத்தைப் பற்றி டைரக்டருக்கே பிற்காலத்தில் திருப்தி இல்லை. அந்த வருஷமே கியூபாவுக்குப் போய், புரட்சி செய்து சில மாதங்களே ஆகியிருந்த பிடல் காஸ்ட்ரோவைச் சந்தித்தார்.

ஊர் திரும்பியபோது உடம்பு சரியில்லை. களைப்பு என்று நினைத்தார்கள். 1959 நவம்பரில் ஆபரேஷன் செய்த டாக்டர்கள் ஈரலில் புற்றுநோய் என்று கண்டார்கள். நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன. மனைவி ஆன் அதை அவரிடம் சொல்லவில்லை. சிரித்த முகத்தோடு வீட்டுக்கு அழைத்து வந்தார். அவர் படுக்கையில் கிடந்தபடியே கிரேக்க நாடகங்களைப் படித்துக்கொண்டும், அடுத்து என்ன வேஷம் போடலாம் என்று யோசித்துக்கொண்டும் இருந்தார். 'ஹாம்லெட்' அவர் மனதில் இருந்தது. நவம்பர் 25-ந் தேதி தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. அந்த நாட்களைப் பற்றி ஆன் பின்பு, 1963-இல், ஒரு சிறு புத்தகம் எழுதினார். பிரெஞ்சு மொழியில் அதை லட்சக்கணக்கானவர்கள் படித்தார்கள்.

தெற்கே கடலுக்குப் பக்கத்துக் குன்றின்மேல் ரமாத்துவெல் என்று ஒரு கிராமம். விடுமுறையில் அவர்கள் போய்த் தங்கும் ஊர். அந்த ஊர் இடுகாட்டில், திராட்சைத் தோட்டக்காரர்களின் கல்லறைகளுக்கு நடுவே, அவரைப் புதைத்தார்கள். சினிமாவில் அவர் போட்ட பட்டும் சரிகையும் எத்தனையோ இருந்தன. உடலுக்கு அணிவித்தது அவற்றில் ஒன்றும் அல்ல. சுரேன் தொழிலாளிகளுக்கு முன்னால் அவர் போட்டு நின்ற ரொத்ரீகு வேஷத்து உடுப்பு.